கல்லில் செதுக்கிய தூரம்

என் வீட்டுக்காரருக்கு அளக்கத் தெரியாது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. நாற்பது பக்க அறிக்கை, கடைசியில் முத்திரை. முப்பத்தோராம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது: 'அளவையாளரின் கவனக்குறைவே எச்சரிக்கை விடுக்கப்படாமல் போனதற்கு முதன்மையான காரணம்.' நான் தையல்காரி. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் பதினோரு வருடம் அந்த மனிதர் எப்படி அளந்தார் என்று எனக்குத் தெரியும், அறிக்கை எழுதியவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இன்னொருவர் அந்த விசாரணையில் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் என் வீட்டுக்காரரின் மேலதிகாரி. அவரைப் பற்றி இப்போதே ஆரம்பித்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் நடுக்கடலில் ஒரு தீவு. அங்கே கடலுக்கு அடியில் பூமியின் மேலோடு இரண்டு தட்டுகளாகப் பிரிந்து, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே போய்க்கொண்டிருக்கிறது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, வருடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். ஒரு கோட்டுப் பட்டனின் அகலம். தட்டுகள் விலகும் இடத்தில் அடியிலிருக்கும் சூடான பாறை மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து உருகுகிறது, இடைவெளியில் புகுந்து உறைந்து புதுக் கடல்தரையாகிறது. சில இடங்களில் அளவுக்கு மீறிப் பொங்கும். குவிந்து குவிந்து ஒருநாள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும். தையல் விட்ட மெத்தையில் பஞ்சு பிதுங்கும் பாருங்கள், அப்படிப் பிதுங்கியதுதான் நாங்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் ஊர். தீவு வந்துவிட்டது என்பதற்காகத் தையல் விடுவது நின்றுவிடாது. அது ஊருக்கு நடுவில், பள்ளத்தெரு வழியாகவே போகிறது. எங்கள் வீடும் என் கடையும் பள்ளத்தெருவில்தான் இருந்தன.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நில அளவை அலுவலகத்துச் சுவரில் பெரிய படமாகவே மாட்டியிருந்தார்கள். இரண்டு தட்டு, இரண்டு அம்புக்குறி, நடுவில் சிவப்பாக எங்கள் தீவு. அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் மேலதிகாரியின் நாற்காலி. பதினோரு வருடம் அவர் தலை எண்ணெய் பட்டு மேற்குத் தட்டின் ஓரம் கறுத்தே போயிருந்தது. படத்தை ஒருநாளும் அவர் திரும்பிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். தட்டுகள் பிரியும் பள்ளத்தின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கல் நட்டிருந்தார்கள். மேற்குக் கல்லில் '612.40' என்று செதுக்கியிருக்கும். இரண்டு கல்லுக்கும் நடுவே அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர், நாற்பது சென்டிமீட்டர். இதற்குச் சோதனைக் கோடு என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை நான்கு அளவையாளர்களும் தனித்தனியாக எஃகு நாடா பிடித்து அதை அளக்க வேண்டும். கல்லில் இருக்கிற எண் வந்தால் நாடாவும் சரி, ஆளும் சரி. வராவிட்டால் நாடா கெட்டுவிட்டது, இல்லை ஆள் உதவாக்கரை. நாலில் ஒத்துவராத அளவை நீக்கிவிட்டு மற்றதன் சராசரியைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். தொலைவிலிருக்கும் எரிமலை ஆய்வகத்துக்கும் அந்த எண்ணைத்தான் அனுப்புவார்கள். கோடு நீள்கிறதா, அடியில் ஏதாவது ஏறி வருகிறதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

இவர் வேலைக்குச் சேர்ந்தபோது கல்லுக்கு எட்டு வயது. முதல் தடவை அளந்தபோதே பதினாறு சென்டிமீட்டர் கூடுதலாக வந்தது. மற்ற மூன்று பேருக்கும் சொல்லி வைத்தாற்போல் 612.41, 612.39, 612.40. ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே போட்டுக்கொள்வதில் மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். கல்லைப் பார்த்து எழுதியது தெரியக்கூடாதில்லையா? இவருக்கு மட்டும் அந்தச் சூட்சுமம் தெரியவில்லை. நாடா என்ன சொன்னதோ அதை எழுதிக்கொண்டு போய் நீட்டினார்.

மேலதிகாரி தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "என்னய்யா, கல்லுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?" என்றார்.

அலுவலகமே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து இவருக்குக் 'கூடுதல்' என்று பெயர். சந்தையில், பேருந்தில், முடிவெட்டும் கடையில் எல்லாம் கூடுதல்தான். "கூடுதல் வர்றாரு, நகர்ந்து உக்காருங்கப்பா" என்பார்கள். அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் எங்கள் பக்கத்துவீட்டு ரொட்டிக்கடை அண்ணன். அவருக்கு அவர் கவலை. அடுப்பறைச் சுவர் வருடா வருடம் விரிசல் விடும், பூசுவார், மறுபடி விடும். "கொத்தனாரு சரியில்ல தங்கச்சி, மூணு பேரை மாத்திட்டேன்" என்று என்னிடம் புலம்புவார். நானும் ஆமாம் என்பேன். இன்று நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அடுத்த வருடம் பதினெட்டு சென்டிமீட்டர் கூடுதல். அதற்கடுத்த வருடம் இருபது. "எல்லாருக்கும் அனுபவம் ஏற ஏறத் தப்பு குறையும், உனக்கு ஏறுதேய்யா!" என்றார் மேலதிகாரி. இவர் எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சின்ன நீல நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். வெயில் எவ்வளவு, காற்று எவ்வளவு, நாடாவை எத்தனை முறை மாற்றிப் பிடித்தார், கடைசியில் எவ்வளவு வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன் என்பார்.

நாலாவது வருடம் அந்த நோட்டைப் பார்த்து நான்தான் கேட்டேன். "ஏங்க, பதினாறு, பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு. தப்பு பண்றவன் இப்படி எண்ணி வச்ச மாதிரியா தப்பு பண்ணுவான்? என் கடைக்கு ஒருத்தர் வர்றார், இடுப்பு வருஷத்துக்கு ஒரு இன்ச்சு ஏறுதுன்னா நான் டேப்பையா சந்தேகப்படுவேன்? ஆளு பெருத்துட்டார்னுதானே அர்த்தம்? இந்த ஊருதாங்க பெருக்குது."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் நோட்டோடு போய்ச் சொல்லியிருக்கிறார். மேலதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தாராம். "தையல்காரி சொல்லித்தான் நான் நில அளவை கத்துக்கணுமா? போய்யா, போய் நாடாவை இழுத்துப் பிடிக்கப் பழகு." சுவரில் இரண்டு அம்புக்குறியும் அவர் மண்டைக்கு மேலேதான் இருந்தன. அதற்குப் பிறகு இவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த மேலதிகாரி என் வாடிக்கைக்காரரும்கூட. வருடம் இரண்டு பேன்ட் தைப்பார். முதலில் இடுப்பு முப்பத்தெட்டு. போகப் போக முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்திரண்டு. ஒப்புக்கொள்ளவே மாட்டார். "உன் டேப்பு சுருங்கிப் போச்சும்மா, முப்பத்தெட்டுனே எழுது" என்பார். நானும் சீட்டில் முப்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாற்பத்திரண்டுக்கு வெட்டுவேன். போட்டுப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, முப்பத்தெட்டு கச்சிதமா இருக்கு" என்பார். எங்கள் தொழிலில் இது சகஜம். சீட்டு வாடிக்கைக்காரருக்கு, கத்தரிக்கோல் உடம்புக்கு. நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருடத்தில் கூடுதல் முப்பத்தாறு சென்டிமீட்டர் ஆகியிருந்தது. அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் அந்த வாரம் வந்தது. தரை சும்மா சும்மா நடுங்கியது. தையல் மிஷின் மேலிருந்த நூல்கண்டுகள் தானாக உருண்டு விழுந்தன. நடுக்கம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஆய்வகத்திலிருந்து காலையிலேயே அலுவலகத்துக்குப் போன் வந்துவிட்டது. கோட்டை இன்றே அளந்து நாலு மணிக்குள் சொல்லுங்கள், நீண்டிருந்தால் பள்ளத்தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று. மற்ற மூன்று அளவையாளர்களும் வடக்குக் கரையில் வேலையாக இருந்தார்கள். இவர் ஒருவர்தான் கையில் கிடைத்தார்.

"இன்னிக்கு உன் ஒருத்தன் அளவுதான் போகுது" என்றாராம் மேலதிகாரி. "ஊர் சிரிக்கிற மாதிரி பண்ணிடாதே. இன்னொரு தடவை கூடுதல்னு வந்து நின்னே, நாடாவை வச்சிட்டு ஆவண அறைக்குப் போய் தூசி தட்டு." தெருவைக் காலி செய்வதா வேண்டாமா என்று பார்க்கத்தான் இந்த எண் என்றெல்லாம் அந்தப் பாவி மனுஷன் இவரிடம் சொல்லவில்லை. ஆய்வகம் ஒரு எண் கேட்கிறது, அவ்வளவுதான்.

மதியம் சாப்பாட்டுக்கு வந்தார். தட்டு வைத்தேன், கையே வைக்கவில்லை. நோட்டை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?" என்றேன்.

"அறுபத்தொன்பது."

"போன தடவை முப்பத்தாறுதானே?"

"மூணு தடவை அளந்துட்டேன். மூணு தடவையும் அறுபத்தொன்பதுதான். என் கையிலதான் ஏதோ கோளாறு. போச்சு, இந்தத் தடவை நாடாவைப் பிடுங்கிடுவாங்க."

அவருக்கு அந்த நாடாதான் உயிர். வேறு வேலை தெரியாது, வேறு ஆசையும் கிடையாது. இதையெல்லாம் அறிந்தவள்தான் நான். பதினாறு வருடத்தில் நகர வேண்டியது ஆறே மாதத்தில் நகர்ந்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். நாலாவது வருடம் புரிந்தவளுக்கு அன்று புரியாமலா போயிருக்கும்? ஆனால் அன்று பள்ளிக்கூடச் சீருடை நாற்பது உருப்படி பாக்கி இருந்தது. மிஷின் பெல்ட் அறுந்திருந்தது. காலையில்தான் காய்கறிக்கடையில் ஒருத்தி, "என்ன மிஸஸ் கூடுதல், எடையும் கூடுதலாப் போடணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"பதினோரு வருஷமா உங்களோட மாரடிக்கிறேன்!" என்று கத்தினேன். "அந்த ஆளுக்கு நான் என்ன பண்றேன்? முப்பத்தெட்டுனு எழுதித் தரேன், நாப்பத்திரண்டுக்கு வெட்டறேன். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி. கல்லுல என்ன இருக்கோ அதையே எழுதிக் குடுத்துத் தொலைங்களேன்! நெசத்தை உங்க நோட்டுல வச்சுக் கொஞ்சிக்கோங்க, யார் வேணாங்கிறா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா சொல்றே?"

"ஆமா, அப்படித்தான் சொல்றேன்."

தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு தரம் போட்டுக்கொண்டார். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கு மனசு குளிர்ந்துகூடப் போனது.

நாலு மணிக்கு முன்பே 612.40 என்று மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மேலதிகாரி தோளில் தட்டி, "இப்பத்தான்யா நீ அளவையாளன்!" என்றாராம். அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். கோடு நகரவில்லை, பள்ளத்தெருவுக்கு ஆபத்தில்லை என்று சாயங்காலமே வானொலியில் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அந்த எண் எதற்குப் போனது என்பதே எங்களுக்குத் தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "போய்ச் சொல்லிடலாமா?" என்றேன். "எதை? என் தப்பையா?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஆய்வகத்துக்காரர்கள் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரை மணிக்குப் பள்ளத்தெரு பிளந்தது. முதலில் ஒரு கோடு. அப்புறம் அந்தக் கோடு முழுக்க நெருப்பு எழுந்து நின்றது. நான் பட்டன் வாங்க மேட்டுத்தெருவுக்குப் போயிருந்தேன், இவர் அலுவலகத்தில் இருந்தார். பகல் நேரம், தெருவில் எல்லாரும் விழித்திருந்தார்கள், ஓடிப் பிழைத்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடை அண்ணன் மட்டும் விடிய விடிய அடுப்பில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவார். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முன்பே மேட்டுத்தெருவுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருப்பார். முப்பது வீடு போயிற்று. என் கடை போயிற்று. அதெல்லாம் கிடக்கட்டும், அந்த மனிதர் போய்விட்டார்.

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு நீதிபதி வந்திருந்தார். ஆய்வகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண், கண்ணாடி போட்டவள், ரொம்பச் சின்ன வயசு. மேலதிகாரி நான் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"பதிவேட்டுல எல்லா வருஷமும் அறுநூத்திப் பன்னிரண்டு நாப்பதுதான் இருக்குங்க" என்றார். "கோடு நீளுதுன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொன்னதில்லை. அன்னிக்கு அளந்தவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்ததை நான் அனுப்பினேன்."

ஒருத்தரும் சொன்னதில்லையாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. எழுந்தேன். கல்லைப் பார்த்து எழுதிய மூன்று பேரும் எனக்குப் பின்வரிசையில் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரு பிளந்த அன்று இவர் சட்டைப்பையில் இருந்ததால் தப்பித்த நீல நோட்டைக் கொண்டுபோய் நீதிபதி மேசையில் வைத்தேன்.

"ஐயா, அந்த எண்ணை எழுதச் சொன்னது நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. ஆனா இவர் அளந்தது இதுல இருக்கு. பதினோரு வருஷமா இருக்கு."

நீதிபதி நோட்டை ஆராய்ச்சிக்காரியிடம் தள்ளினார். அவள் புரட்டினாள். புரட்டுகிற கை மெதுவானது. விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே போனாள். "பதினாறு, பதினெட்டு, இருபது..." என்று முணுமுணுத்தாள். கடைசிப் பக்கத்தில் அறுபத்தொன்பதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"சார், ரெண்டு தட்டும் வருஷத்துக்கு எவ்வளவு விலகுதோ, அப்படியே இருக்கு சார். கடைசியில இருக்கறது பாறைக்குழம்பு ஏறி வந்து பிளந்தது. இது அன்னிக்கு எங்களுக்குக் கிடைச்சிருந்தா..." இவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இது எல்லாம் நீங்க அளந்ததுதானே? இதுதானே சரியான அளவு?"

மண்டபமே இவரைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு வருடத்துச் சிரிப்பும் அந்த ஒரு வார்த்தையில் மேலதிகாரியின் முகத்துக்கே திரும்பிப் போயிருக்கும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று உள்ளுக்குள் கதறினேன்.

அவர் எழுந்து, முதல் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு எப்பவுமே கூடுதலாத்தான் வரும்மா" என்றார். "அதெல்லாம் தப்பு. கல்லுல இருக்கறதுதான் சரி."

"ஐயா, ரெண்டு கல்லுக்கும் நடுவுல தரையே பிளந்து கிடக்கு" என்றாள் அந்தப் பெண், அழுகிற குரலில்.

"தெரியுதும்மா. ஆனா நான் அளந்தது தப்பாத்தான் இருக்கும்."

எழுதியவரே தவறு என்று சொல்லும் நோட்டைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார் நீதிபதி. நான் என்னென்னவோ கத்தினேன். காவலர் வந்து கையைப் பிடித்து வெளியே விட்டார். மேலதிகாரி என்னைக் கடந்து காருக்குப் போகும்போது, "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்றார். இன்றைக்கும் அவர்தான் அந்த நாற்காலியில் இருக்கிறார். மேற்குக் கல்லைத் தேய்த்துப் புது எண் செதுக்கியிருக்கிறார்கள். மற்ற மூவரும் அதைத்தான் இனி எழுதுவார்கள்.

இவரை ஆவண அறைக்குக்கூட அனுப்பவில்லை, வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். மேட்டுத்தெருவில் ஒரு அறை பிடித்து மறுபடி மிஷின் போட்டிருக்கிறேன். பகலெல்லாம் மூலையில் உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுப்பார். கேட்டால் பேசுவார், கேட்காவிட்டால் இல்லை. அண்ணனைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை.

போன வாரம் ஒரு ஜன்னல் திரைக்குத் துணி வந்தது. எனக்குக் கைவேலை இருந்தது. அளவு எடுக்கிறதில் இவரை மிஞ்ச ஆளில்லை, ஒன்றையாவது கையில் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

"என்னங்க, இதைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்க" என்று டேப்பை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். துணியை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்தார். டேப்பின் முனையைத் துணியின் ஓரத்தில் பொருத்திக் கட்டைவிரலால் அழுத்தினார். அந்தப் பழைய கை, கொஞ்சமும் பிசகவில்லை. மறு ஓரம் வரை இழுத்தார். எண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு வரணும்?" என்று கேட்டார்.